பழங்காசும் பித்தளை வில்லையும்

ஊவாத் தோட்டங்களில் பாட்டனார் விட்டுச்சென்ற காசுப்பெட்டி பாகத்துக்கு வரும்போது முதலிற் பேச்சு எழுவது வெள்ளி ரூபாயைப் பற்றியே. விக்டோரியா முகம் பதித்த இந்திய ரூபாய் ஒரு தோலா எடை. நூற்றில் ஏறக்குறைய 92 பங்கு வெள்ளி. 1940 முதல் அடித்தவற்றிலோ பாதியே வெள்ளி. இவை ஏராளமாக வெளிவந்தவை. தேய்ந்தவற்றைப் பதுளை நகைக்கடையில் விற்பதால் வரலாறு எதையும் இழந்துவிடாது.

பெட்டியின் அடியிற் சிலவேளை ஒரு பித்தளை வில்லை கிடக்கும். அதன் மதிப்பைத் தராசு அறியாது. இலங்கையில் 1872இல் ரூபாயும் சதமும் நடைமுறைக்கு வருமுன் சில்லறைத் தட்டுப்பாடு பெரிது; ஆகவே கோப்பித் தோட்டத் துரைமாரும் கொழும்பு வணிகரும் தத்தம் பெயர் பொறித்த வில்லைகளை வழங்கினர். 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் பின்னர் கோப்பியையே விழுங்கிற்று. கோப்பி பறித்த தமிழர் தாமே எழுதிவைத்த ஏடுகள் மிக அரிது. அவர்தம் கைபட்ட இவ்வில்லை விற்கத்தக்கதன்று.

1964 ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தன. வில்லையைப் பங்கிட இயலாது. ஒருவரே வைத்திருத்தல் தகும். புளியிட்டுத் துலக்கலாகாது, எழுத்துத் தேயும். எந்தத் தோட்டத்தில் யார் பெற்றது என்பதை, அறிந்த பெரியவர் இருக்கும்போதே தாளில் எழுதி உடன் வைக்கவேண்டும்.