கரும்பும் கசந்த கனியும்

ஜெலுத்தோங் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் செபராங் பிறை தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட அந்நிலத்தில், ரப்பர் வருமுன் கரும்பே அரசாண்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் பலர் அத்தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தனர். ஆயினும் பாரதியார் பாடிய கரும்புத் தோட்டம் இதுவன்று. தென்கடலில் வெகு தொலைவிலுள்ள பிஜித் தீவினுடையது.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஏற்றிச் செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஐந்தாண்டு ஒப்பந்தம், நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கணக்கு. அளந்துவிட்ட வேலை முடியாவிடில் கூலி பிடித்தம், வழக்கு, தண்டம். தோட்டத்து வெள்ளை மேற்பார்வையாளனிடம் இருந்த அதிகாரத்துக்கு எல்லையில்லை. பெண்களின் மானமும் அவன் கையில் சிக்கியது. குந்தி என்ற பெண் அத்தகைய ஒருவனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்துப் பிழைத்த செய்தி, 1913-இல் இந்தியப் பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டு, பிஜியில் இருபத்தோராண்டு வாழ்ந்து திரும்பிய தோதாராம் சனாத்யரின் இந்தி நூல் வந்தது. 1915-இல் ஆண்ட்ரூஸும் பியர்சனும் நேரிற் சென்று விசாரித்தனர்.

பாரதியார் அத்தீவைக் கண்டவரல்லர். கேள்விப்பட்டதைக் கொண்டே பாடினார். பாட்டில் கணக்கில்லை, சட்டமில்லை. காற்றை அழைத்து, அப்பெண்களின் அழுகுரலைக் கேட்டிருப்பாய், அவர்கள் அழுத சொல்லை மீட்டும் உரையாயோ என்று வினவுகிறார், இறுதியில் காளியைக் கூவுகிறார். அறிக்கை செய்ய முடியாததை அக்கேள்வி செய்தது.

பக்கத்திலிருந்த பினாங்கு ஏன் அத்தகைய பாட்டைப் பெறவில்லை? மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைக் கங்காணி முறை முழுதும் பிடித்துக்கொண்டது. கங்காணி நம்மவர், சில வேளை உறவினர். கொடுமையின் முகம் வெள்ளையாயிருந்தால் பாட்டு விரைவில் பிறக்கிறது போலும்! தோட்டத்து மக்களோ வாளாவிருக்கவில்லை. துரையையும் கங்காணியையும் ஏசும் வாய்மொழிப் பாடல்கள் அவர்களிடை உலவின. இயற்றியவர் பெயர்தான் இல்லை.

அமெரிக்காவிலும் இதையொத்த ஒரு வரலாறு உண்டு. 1930 ஆகஸ்டு 7-ஆம் நாள், இந்தியானா மாநிலத்து மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்னும் இரு கறுப்பின இளைஞரைக் கும்பலொன்று சிறையிலிருந்து இழுத்து வந்து மரத்தில் தூக்கிலிட்டது. கூடியிருந்தோர் முகங்களோடு எடுத்த புகைப்படம் விற்பனையாயிற்று. அப்படத்தைக் கண்டு பல நாள் உறக்கமிழந்தவர் ஏபெல் மீரோபோல், நியூயார்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர், யூதர். அவரது கவிதை 1937-இல் ஆசிரியர் சங்க ஏட்டில் வந்தது. மரத்தில் தொங்கும் உடல்களை விசித்திரக் கனியாக உருவகித்தது. பின்னர் அவரே அதற்கு இசையமைத்தார்.

பில்லி ஹாலிடே 1939-இல் அதை ஒரு நியூயார்க் இரவு விடுதியில் பாடினார். விளக்குகள் அணைக்கப்படும், அவர் முகத்தில் மட்டும் ஒளி விழும், பாட்டு முடிந்ததும் அவர் மேடைக்குத் திரும்பமாட்டார். அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா அதனைப் பதிய மறுத்தது. கொமடோர் என்ற சிறு நிறுவனம் பதிந்தது. பொதுவுடைமைக் கட்சி பணம் தந்து எழுதச் சொன்னதா என்று மீரோபோலை 1940-களின் தொடக்கத்தில் விசாரணைக் குழு கேட்டது. ஓர் ஆசிரியர் தம் மனச்சான்றால் எழுதியிருக்கலாம் என்பது அக்குழுவினருக்குத் தோன்றவில்லை.

பிஜியின் ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாளில் ரத்தாயின. பாரதியார் அப்போது உயிரோடிருந்தார். கும்பற் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் கையொப்பமானதோ 2022 மார்ச் மாதத்தில். மீரோபோல் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர்.