கூடைத் தானியமும் கடைச்சீட்டும்: நீலகிரிக் கைவினையின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விழாக் காலத்தில், உதகையில் போடப்பட்டிருந்த ஒரு கைவினைக் கடையில் தோடர் எம்பிராய்டரி செய்த சிறு பை ஒன்றை வாங்கினேன். வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலோடிய வேலை. விலையைச் சொன்ன பெண்மணியிடம், “பில் கிடைக்குமாம்மா?” என்று கேட்டேன். “அதெல்லாம் நமக்கு இல்லைங்க. விலை மட்டுந்தான்” என்றார். பணத்தை அலைபேசியில் செலுத்தினேன். திரையில் ஓர் ஆணின் பெயர் தோன்றியது. “மகன் போன்லதாங்க வரும். சாயங்காலம் கணக்குச் சொல்லுவான்” என்று சிரித்தார்.

பில் இல்லாதது குற்றமா, பணம் மகனின் கணக்குக்குப் போனது முறையா என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. பின்னர், இம்மலையில் ஒரு கைவினைப் பொருளுக்கு ஈடு எவ்வாறு கொடுக்கப்பட்டு வந்தது, அதன் மேல் அரசின் பங்கு எப்போது ஏறியது என்று தேடத் தொடங்கியபோது, அந்தச் சிறு உரையாடலுக்குள் இருநூறு ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது.

ஆங்கிலேயர் வருகைக்கு முன் நீலகிரியில் சந்தையும் காசும் முதன்மையாக இருக்கவில்லை. எருமை வளர்த்த தோடர், உழவு செய்த படகர், மண்பாண்டமும் இரும்புக் கருவியும் இசையும் தந்த கோத்தர், காட்டுப் பொருள்களும் மந்திரக் காப்பும் தந்த குறும்பர் ஆகிய நான்கு சமூகத்தாரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டு வாழ்ந்தனர். கோத்தப் பெண்கள் பானை வனைந்தனர். ஆண்கள் கொல்லுலையில் மண்வெட்டியும் அரிவாளும் அடித்தனர். ஒவ்வொரு கோத்தக் குடும்பத்துக்கும் பரம்பரையாக இன்னின்ன படகக் குடும்பங்கள் என்று வரையறை இருந்தது. ஆண்டு முழுதும் வேண்டிய கருவியைக் கோத்தர் கொடுப்பார். அறுவடையில் படகர் தானியம் அளப்பார். இந்தப் பானைக்கு இத்தனை படி என்று அன்றன்று விலை பேசப்படவில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டில் அளவும் குறையும். அதற்காக உறவு முறிந்துவிடாது.

இதை வெறும் பண்டமாற்று என்று சொல்லிவிட முடியாது. பண்டமாற்றில் இரு கைகளும் ஒரே நேரத்தில் நீளும். இங்கோ கொடுத்தலுக்கும் பெறுதலுக்கும் நடுவே மாதங்கள் கிடந்தன. அந்த இடைவெளியை நிரப்பியது நினைவு. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை இரு குடும்பங்களும் அறிந்திருந்தன என்பதால் ஏட்டுக்குத் தேவை எழவில்லை.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819 இல் மலையேறி, பின்னர் உதகையில் குடியேற்றத்தை அமைத்தபோது, முதலில் எழுந்த குழப்பங்களுள் ஒன்று கணக்கைப் பற்றியதே. படகர் தோடருக்கு ஆண்டுதோறும் தானியம் கொடுத்து வந்தனர். இது நிலத்துக்குரியவர்க்குச் செலுத்தும் குத்தகையா, அன்பளிப்பா, அச்சத்தால் தரும் காணிக்கையா என்று ஆங்கிலேய அதிகாரிகள் பல்லாண்டுகள் வாதிட்டனர். தோடரை நிலத்தின் உரிமையாளர் என்று கருதிய சல்லிவன் ஒரு பக்கம். அதை மறுத்தவர்கள் மறுபக்கம். விடையைப் பொறுத்து நிலம் யாருடையது என்பது மாறும் என்பதால் அது ஏட்டுச் சண்டையாக நின்றுவிடவில்லை. ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு என்ன பெயரிடுகிறோம் என்பதில் ஒரு சமூகத்தின் உரிமை அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் தோட்டங்கள் வந்தன, சாலை வந்தது, கடைத்தெரு வந்தது. ஆலையில் செய்த இரும்பும் சமவெளிப் பாண்டமும் காசுக்குக் கிடைத்தன. கோத்தரின் இசை தமக்கு வேண்டாம் என்று படகருள் சீர்திருத்தம் நாடியவர்கள் கூறினர். 1937-38 இல் கோத்தரிடையே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் டேவிட் மண்டேல்பாம் கண்டது, அந்தப் பழைய பிணைப்பு அறுந்துகொண்டிருந்த காட்சியைத்தான். கடன்பட்டவரை முகம் பார்த்து அறியும் உலகம் முடிந்து, முகமறியாத வாங்குவோரின் உலகம் தொடங்கியது.

தற்செயலாகத்தான், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், சென்னையில் வேறொரு கணக்கு பிறந்தது. 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயத்தால் வந்த வருவாய் போனது. அதை ஈடுகட்டப் பிறந்ததே 1939 ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பொருள்கள் அனைத்தையும் பொதுவாகத் தழுவிய விற்பனை வரி இந்தியாவில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது இங்கேதான். ஆண்டு விற்றுமுதல் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழ் உள்ளவரை அது தொடவில்லை. அத்துடன் அச்சட்டத்திலேயே, கைத்தறித் துணியை மட்டும் விற்கும் வணிகருக்கு விலக்கும் இருந்தது. கையால் செய்ததைக் கையோடு காப்பது என்னும் எண்ணம், நம் விற்பனை வரியுடன் உடன்பிறந்தது என்றே சொல்ல வேண்டும்.

1957 இல் இன்னொரு திருப்பம். துணி, சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்றுக்கும் மாநிலங்கள் விற்பனை வரியை விட்டுக்கொடுப்பது, அதற்கு ஈடாக மத்திய அரசு கூடுதல் கலால் வரி வசூலித்து மாநிலங்களுக்குப் பகிர்வது என்று ஏற்பாடாயிற்று. 1959 இல் தமிழ்நாட்டுக்குப் புதிய பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. 2007 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் துணி பெரும்பாலும் விற்பனை வரியின் கைக்கு எட்டாமலே இருந்தது. தோடப் பெண்கள் தம் சடங்குப் போர்வையான பூத்துக்குளியின் பூவேலையைச் சால்வையிலும் பையிலும் மேசை விரிப்பிலும் இட்டு விற்கத் தொடங்கி வளர்ந்த காலம் முழுதும் இந்த நிழலில்தான் கழிந்தது. இறந்தவர் உடலைப் போர்த்தி அனுப்பும் துணியின் பூவேலை, சுற்றுலாப் பயணியின் தோளில் ஏறியது. விலை வந்தது, வரி வரவில்லை.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தபோது அந்த நிழல் விலகியது. துணியும் வரி வளையத்துக்குள் வந்தது. அதைவிடப் பெரிய இடி வேறிடத்தில் விழுந்தது. தனக்கு நிலையான கடை இல்லாத மாநிலத்துக்குச் சென்று, கண்காட்சியில் சில நாள் விற்பவர், எவ்வளவு சிறியவராயினும் அங்கே தற்காலிக வரிசெலுத்துவோராகப் பதிய வேண்டும். ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். விற்பதற்கு முன்பே உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் கூறியது. மூட்டையில் இருபது சால்வையுடன் இரயிலேறும் பெண்ணுக்கு, எத்தனை விற்கும் என்று யார் சொல்ல முடியும்?

நீலகிரியின் புவியியலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னையில் விற்றால் அது சொந்த மாநிலம்; பதிவுக்கான வரம்பைத் தாண்டாதவரை தொல்லையில்லை. ஆனால் மலையிறங்கினால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் மைசூரும் சுல்தான் பத்தேரியும் வேற்று மாநிலங்கள். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மலையில் வாழ்பவருக்கு, அண்டை ஊர்ச் சந்தையே சட்டத்தின் பார்வையில் அயலூராகிவிட்டது.

கைவினைஞர்களின் முறையீடு வீண்போகவில்லை. 2017 செப்டம்பரில், பட்டியலிட்ட கைவினைப் பொருள்களை விற்போருக்கு, ஆண்டு விற்றுமுதல் இருபது இலட்சத்தைத் தாண்டாதவரை இப்பதிவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் நிரந்தரக் கணக்கு எண் வேண்டும். மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு, அதன் மதிப்பு எவ்வளவு சிறிதாயினும், மின்வழிச் சீட்டும் வேண்டும். பொதுவான வணிகருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கே இச்சீட்டு என்பதை நினைத்தால், வரியிலிருந்து விடுபட்டவர் தாளிலிருந்து விடுபடவில்லை என்பது விளங்கும்.

இப்போது அந்த உதகைக் கடைக்குத் திரும்புவோம். பில் கொடுக்காத பெண்மணி எந்தக் குற்றமும் செய்யவில்லை. வரம்புக்குட்பட்ட, பதிவு செய்யாத விற்பனையாளர் வரிச் சீட்டு தரத் தேவையில்லை. சொல்லப்போனால், பதிவு எண் இல்லாதவர் வரி என்று ஒரு காசும் வசூலிக்கக் கூடாது என்பதே சட்டம். கண்காட்சியில் யாரேனும் விலைக்கு மேல் வரி கேட்டால், சீட்டில் பதினைந்து இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குவோரின் உரிமை.

ஆயினும் இவ்விலக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அவர் வாங்கிய துணியிலும் நூலிலும் கட்டிய வரி அவரிடமே தங்கிவிடும். திரும்பப் பெற வழியில்லை. அவரிடம் வாங்கும் பெருநகரக் கடைக்கும் வரிக் கழிவு கிட்டாது. எனவே பதிவு பெற்ற இடைத்தரகரிடம் வாங்குவதே கடைக்கு எளிது. அந்தத் தரகரின் சீட்டில் தைத்தவளின் பெயர் இராது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் நிறுவனம் ஆகியவை சேர்ந்து பெற்ற புவிசார் குறியீடு 2013 முதல் இந்த வேலைக்கு உண்டு. இழையெண்ணிக் கையால் தைத்ததற்கும் இயந்திரப் போலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. ஆனால் வாங்குபவர் கையில் அவ்வேறுபாட்டைச் சொல்ல ஒரு தாள் வேண்டாமா?

பழைய நீலகிரியில் தாள் தேவைப்படவில்லை. ஏனெனில் பானையை வனைந்தவள் யாரென்று அதில் களி கிளறியவளுக்குத் தெரியும். இன்று அந்த நினைவின் இடத்தில் சீட்டுதான் இருக்கிறது. அதை வரிக்கான சுமை என்று மட்டும் பார்த்து, சிறு கைவினைஞருக்கு வேண்டாமென்று விலக்கிவிடுகிறோம். வரி வேண்டாம், சரி. ஆனால் தைத்தவர் பெயர், மந்து, நாள், விலை ஆகிய நான்கு வரிகள் கொண்ட ஒரு சாதாரணச் சீட்டுக்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. சங்கங்களும் கண்காட்சி நடத்துவோரும் அதை அச்சிட்டுக் கொடுத்தால் செலவு அதிகமிராது. பணமும் தைத்தவரின் சொந்தக் கணக்குக்கே சேருமாறு வங்கிக் கணக்கும் அலைபேசிக் குறியீடும் அமைத்துத் தருவதும் அவர்களால் இயலும்.

அந்தப் பையை இன்றும் வைத்திருக்கிறேன். உள்ளும் புறமும் ஒன்றுபோலத் தோன்றும் தையல். யார் தைத்தார் என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மகனின் பெயர் மட்டுமே.