புறம்போக்குக் குடிகளின் வரலாறு

ஆற்றங்கரையிலும், இரயில் பாதையோரத்திலும், பழைய ஈயலம்பங்களின் கரையிலும் பலகையும் தகரமும் கொண்டு வீடு கட்டி வாழ்ந்தவர்களை நம் நாட்டுத் தமிழர் 'புறம்போக்குவாசிகள்' என்று அழைத்து வந்தனர். மலாயில் 'செத்திங்கான்' என்பர். அஃது ஆங்கிலச் சொல்லின் திரிபு. நம் சொல்லோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்கில், தீர்வை விதிக்காமல் பொதுவுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரிக்கரை, மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு யாவும் அதில் அடங்கும். ஊரார் எல்லாருக்கும் உரிய நிலம் என்பதே பொருள். கடல் கடந்தபின் அந்நிலத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. உரிமையில்லாத இடத்தில் ஒண்டியிருப்பவன் என்ற இழிபொருளும் அதன்மேல் ஏறிற்று. இந்த இழிபொருளுக்கு உரியவர்கள்தாமா அம்மக்கள் என்பதை வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

மலாய் நாடுகளின் பழைய வழக்கில், காட்டைத் திருத்திப் பயிரிட்டவனே நிலத்துக்கு உரியவன். விளைச்சலில் ஒரு பங்கை அரசனுக்குச் செலுத்த வேண்டும், அவ்வளவே. பயிரும் குடியிருப்பும் உள்ளவரை அது 'தானா ஹிடூப்', உயிருள்ள நிலம். கைவிடப்பட்டுக் காடு மண்டினால் 'தானா மாத்தி', செத்த நிலம். வேறொருவன் வந்து அதைத் திருத்திக் கொள்ளலாம். ஒரு நிலம் உயிரோடிருக்கிறதா என்பதை அதன்மேல் நின்று பார்த்தே அறிந்தனர் அக்காலத்தார். வில்லியம் மாக்ஸ்வெல் என்ற ஆங்கில அதிகாரி இவ்வழக்கை ஆராய்ந்து 1884ல் விரிவாக எழுதினார். விந்தை என்னவெனில், அவர் சிலாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த காலத்தில்தான், 1891ல், அங்கே நில உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய தோரன்ஸ் முறையைத் தழுவியது அது. அம்முறையில் பதிவேட்டில் எவன் பெயர் உண்டோ அவனே உடையவன்; நிலத்தின்மேல் எவன் நிற்கிறான் என்ற கேள்விக்கு இடமில்லை. மலாய்க் குடியானவரின் சிறு நிலங்கள் பல முக்கிம் பதிவேட்டில் ஏறின. ஏறாதவை எல்லாம் அரசாங்கத்துக்கு உரியவையாயின. அன்றுதொட்டுத்தான், காட்டைத் திருத்தியவன் குற்றவாளி ஆகக்கூடிய நிலை இந்நாட்டில் பிறந்தது.

ஆயினும் அரசாங்கம் நெடுங்காலம் கண்டும் காணாமல் இருந்தது. 1930க்குப் பின் உலகெங்கும் விலைகள் வீழ்ந்து, ஈயச் சுரங்கங்களும் தோட்டங்களும் ஆட்குறைத்தபோது, வேலையிழந்த தமிழரில் பெரும்பாலோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். சீனரில் பலர் காட்டோரம் சென்று காய்கறி பயிரிட்டனர். ஜப்பான்காரன் காலத்தில் வெளிநாட்டு அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக் கிழங்கு நடுங்கள், எங்கு வேண்டுமானாலும் நடுங்கள் என்று ஆட்சியாளரே தூண்டினர். நகரத்தார் பல்லாயிரவர் காட்டோரம் குடியேறினர். 1945ல் ஆங்கிலேயர் திரும்பியபின்னும் உணவுப் பஞ்சம் தீரவில்லை. ஆகவே அவர்களும் அவர்களை உடனே விரட்டவில்லை. பலருக்குத் தற்காலிக உரிமச் சீட்டு வழங்கினர். நம்மவர் 'டி. ஓ. எல்.' என்று சொல்வது இதுதான். இச்சீட்டு டிசம்பர் 31ஆந் தேதியோடு செத்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை நம்பித் தென்னை நட்டவர்களும் உண்டு.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் யாவும் மாறிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் செய்தியும் காட்டோரக் குடிகளிடமிருந்தே செல்கின்றன என்று அரசாங்கம் கருதியது. 1950ல் தொடங்கிய ஜெனரல் பிரிக்ஸின் திட்டப்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், சுமார் 480 புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். கோலாலம்பூருக்கு அருகேயுள்ள ஜிஞ்சாங் அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. முள்வேலியும் ஊரடங்கும் அரிசிப் பங்கீடும் நாம் அறிந்தவை. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுதிரட்டப்பட்டு வேலி கட்டப்பட்டது. நேற்று உணவு விளைவித்தவனென்று பாராட்டப்பட்டவன் இன்று ஐயத்துக்குரியவன் ஆனான். அவன் செய்த வேலையோ ஒன்றே.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். கோலாலம்பூரில் நெருக்கடி மிகுந்து, குடிசைகள் பெருகியபோது, மக்களைக் குடியமர்த்த ஒரு புதிய நகரம் வேண்டுமென்று முடிவாயிற்று. 1952ஆம் ஆண்டு வாக்கில் எஃபிங்காம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் ரப்பர்க் காட்டை அழித்து எழுப்பிய அந்நகரமே பெட்டாலிங் ஜெயா. குடிசைவாசிகளுக்காகத் தோட்டம் அழிந்தது அன்று. பின்னாளில் தோட்டங்கள் அழிந்து நகரங்கள் எழுந்தபோது, அத்தோட்டத்து மக்களே குடிசைவாசிகள் ஆயினர். நகர அமைப்பு வரலாற்றை எழுதுவோர் முதற்பகுதியைப் பெருமையோடு எழுதுவர். இரண்டாம் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும்.

லயத்து வீடு எத்தகையது என்பதை அறிந்தால்தான் இது விளங்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளி வீடும் மருத்துவமும், பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடமும் தரவேண்டும் என்றது. நல்ல சட்டந்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. பேர் வெட்டுப்பட்டால் வீடும் போயிற்று. பாட்டன் நட்ட முருங்கையும், தகப்பன் கட்டிய மாட்டுக் கொட்டகையும் கம்பெனி சம்மதிக்கும்வரைதான். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பத்துக்கு ஓர் அடி மண்ணும் பதிவேட்டில் இல்லை. பழைய மலாய் வழக்கின்படி பார்த்தால், அவர்கள் காடழித்துக் காத்த நிலத்தைவிட உயிருள்ள நிலம் எது?

1950களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர் துண்டு போட்டு விற்றனர். இதைத் தடுக்க 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தோன்றச் செய்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிற்று. அது மதிக்கத்தக்க முயற்சி; ஆனால் விற்பனையின் வேகம் அதனினும் பெரிது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலைப் பத்திரம் கட்டாயமானதால் பலர் இந்தியா திரும்பினர். இருந்தவர் கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கி நடந்தனர். 1980, 1990களில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் கோல்ப் திடலுக்கும் ஆனபோது இந்நடை பெருவெள்ளமாயிற்று.

வந்தவன் உறவினன் வீட்டை அடுத்து, இரவோடு இரவாக நான்கு கால் நட்டுத் தகரம் போட்டான். தன் வீட்டுக்கென்று தன் கையால் அவன் அடித்த முதல் ஆணி அதுதான். பக்கத்தில் ஒரு முனியாண்டி கோயிலும் எழுந்தது. தேர்தலுக்குத் தேர்தல் குழாய் வந்தது, விளக்கு வந்தது, கப்பி கொட்டிய பாதை வந்தது. ஓட்டுக் கேட்பவர் கண்ணுக்கு அது கம்பம். நில அலுவலகத்துக்கு அது வெறுங்காடு. 1966 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம், அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை பிறவாது என்று திட்டமாய்க் கூறுகிறது. 1969ஆம் ஆண்டு அவசரகால விதிகளோ, நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமலே குடிசைகளை அகற்ற அதிகாரிகளுக்கு இடந்தந்தன. அந்த அவசரகாலம் ரத்தானது 2011ன் இறுதியில்தான்.

அகற்றப்பட்டோர் எங்கே போயினர்? பலர் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீளவீடுகளில் தற்காலிகமாக வைக்கப்பட்டனர். தற்காலிகம் பத்தாண்டு ஆன இடங்களும் உண்டு. பெயர்தான் மலாய், அமைப்பில் அது மறுபடியும் லயமே.

அக்கரையில் சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1961 மே 25ல், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர், நால்வர் மாண்டனர். முந்தைய ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓராண்டுக்குள் அந்நிலத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பத் தொடங்கிவிட்டது. நிலத்தைக் குறைந்த விலைக்கு எடுக்கச் சட்டமும் திருத்தப்பட்டது. அங்கும் கோழியும் பன்றியும் வளர்த்துப் பிழைத்தோர் மாடியேற மனமின்றி வருந்தியதுண்டு. ஆனால் இடிப்பதற்கு ஈடாகக் கட்டுவதும் நடந்தது. இவ்வொன்றே பெரிய வேறுபாடு.

இங்கே 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் கலவரம் மூண்டு ஆறு பேர் உயிரிழந்தனர். நெருக்கமும் வறுமையும் சாக்கடையும் பத்திரிகைக்காரர் கண்ணில் பட்டது அப்போதுதான். அவ்விடம், குடிசைவாசிகளுக்காகக் கட்டப்பட்ட அந்தப் பெட்டாலிங் ஜெயாவின் ஓரம் என்பதை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இருக்கலாகாது என்று சிலாங்கூரில் இலக்கு வைக்கப்பட்டது. தலைநகரில் மாதம் 124 ரிங்கிட் வாடகையில் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகள் பல எழுந்தன. வாடகை மலிவு என்பதை மறுக்கலாகாது. ஆயினும் முற்றத்தில் மாடு கட்டியவனும், வாசலில் பலகாரம் சுட்டு விற்றவளும் பதினைந்தாம் மாடியில் என் செய்வர் என்பது வரைபடத்தில் இடம்பெறவில்லை.

பள்ளிகளையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுள் மிகப் பல இன்றளவும் கம்பெனி நிலத்தில் நிற்பவை. அக்காரணத்தாலேயே அவை 'பகுதி உதவி' பெறும் பள்ளிகள் எனப்படுகின்றன. பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம் உண்டு. பள்ளி நிற்கும் மண்ணுக்குப் பட்டா இல்லை. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் சிதறியபின், வருகைப் பதிவேட்டில் பத்துப் பதினைந்து பெயர்களோடு அவை நிற்கும். சில பள்ளிகளின் உரிமம் மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டு, தொலைவில் எழுந்த வீடமைப்புப் பகுதிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே புதிய கட்டடத்தின் முகப்பில் அழிந்துபோன தோட்டத்தின் பெயரே இன்றும் எழுதப்பட்டிருக்கிறது.