உப்பு ஜாடியும் கழுத்துச் சுரப்பியும்

வாசகர்களே, உங்கள் வீட்டு அடுப்படியில் உள்ள உப்பு ஜாடியைச் சற்றுத் திறந்து பாருங்கள். செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில் எங்கள் வீட்டு ஜாடியில் எப்போதும் கல்லுப்புத்தான். "கடலில் விளைந்த உப்பில் அயோடின் இல்லாமலா போகும்?" என்று இங்கே பலர் கேட்பதுண்டு. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கடல்நீரில் அயோடின் உண்டு. கடற்பாசியில் மிகுதியாகவே உண்டு. ஆனால் உப்பளப் பாத்தியில் படியும் உப்பில் அது இல்லையென்றே சொல்லிவிடலாம். இது ஏன் கவலைக்குரியது என்பதை அறிய நம் கழுத்திலுள்ள ஒரு சுரப்பியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நாளம் உண்டு, இதற்கு இல்லை. தான் சுரக்கும் தைராக்ஸினை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இத்தகைய வேதித் தூதுகளுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் வழங்கியவர் இங்கிலாந்தின் ஸ்டார்லிங். உடல் தன் எரிபொருளை எவ்வளவு விரைவில் எரிக்க வேண்டும், கருவிலுள்ள குழந்தையின் மூளை எப்படி வளர வேண்டும் என்பவையெல்லாம் தைராக்ஸினைச் சார்ந்தவை. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் மிகவும் பிடித்தது கட்டுப்பாட்டு முறைதான். தானியங்கி இஸ்திரிப் பெட்டியில் சூடு குறைந்தால் மின்சாரம் தானே பாய்கிறது. மிகுந்தால் தானே நிற்கிறது அல்லவா? அதுபோலவே, இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி ஒரு தூண்டு ஹார்மோனை அனுப்பித் தைராய்டை முடுக்கும், போதுமானதும் அடங்கிவிடும். அயோடினே கிடைக்காவிட்டால்? தூண்டுதல் ஓயாது, சுரப்பி பருத்துக்கொண்டே போகும். பஞ்சு வராத நூற்பாலையில் மேலும் மேலும் கதிர்களை வாங்கிப் பொருத்திய கதைதான். இதுவே முன்கழுத்துக் கழலை.

இமயமலை அடிவாரத்தில் இந்நோய் நெடுங்காலமாக உண்டு. மழையும் பனியாறும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துச் சென்றுவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் மலைநாட்டில் பணியாற்றிய ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், ஒரே நீரோட்டத்தை நம்பி வாழ்ந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தார். மேலூரைவிடக் கீழூர்களில் கழலை மிகுந்திருந்தது. நீரிலுள்ள அழுக்கே காரணம் என்று கருதி, அந்நீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தார்! அவருடைய முடிவு முழுதும் சரியன்று. அயோடின் பற்றாக்குறையே முதற்காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆயினும் அந்தத் துணிவை யாரால் மறக்க முடியும்?

இந்த மெக்கரிசன்தான் 1918-இல் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஊட்டக்குறை நோய் ஆராய்ச்சியைத் தொடங்கியவர். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. அதே குன்னூர்க் கூடத்தில் 1940-களின் இறுதியில் பணியில் சேர்ந்தார் ஆந்திரத்தைச் சேர்ந்த நோய்க்குறியியல் அறிஞர் வி. ராமலிங்கசாமி. பின்னாளில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானவர் இவரே. மெக்கரிசன் விட்ட இடத்திலிருந்து கழலையின் கதையைத் தொடர்ந்து முடித்துவைத்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

அன்று பஞ்சாபிலும் இன்று இமாசலப் பிரதேசத்திலும் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் அந்தப் பெருஞ்சோதனை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள், மூன்று வட்டாரங்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. நடுவிலுள்ள வட்டாரத்துக்கு வெறும் உப்பு. தொடக்கத்தில் மூன்றிலும் 100-க்கு 38 பேருக்குக் கழலை. 1962-இல் மீண்டும் பார்த்தபோது அயோடின் பெற்ற வட்டாரங்களில் அது 19 ஆகவும் 15 ஆகவும் இறங்கியிருந்தது. வெறும் உப்பு உண்ட வட்டாரத்தில் 40. அதன்பின் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் கழலை குறைந்தது. ஆறாண்டுகள் அம்மக்களைக் காத்திருக்க வைத்தது முறையா என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. ஒப்பிட ஒரு வட்டாரம் இல்லாவிட்டால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மையே.

இந்த ஆராய்ச்சிகளில் எங்கள் துறைக்கும் ஒரு பங்குண்டு. 8 நாள் அரை ஆயுள் கொண்ட கதிரியக்க அயோடினைச் சிறிதளவு கொடுத்து, கழுத்தருகே எண்ணுகருவியை வைத்துப் பார்த்தனர். கழலை கண்ட சுரப்பி, வறண்ட நிலம் மழைநீரை இழுப்பதுபோல் அயோடினை இழுத்துக்கொண்டது. அதன் பசி எண்ணாகவே தெரிந்தது.

1962-இல் அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மலைநாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று முதலில் கருதினர். ஆய்வு நடந்த இடமெல்லாம், சமவெளியிலும் கடற்கரையிலும்கூட, குறை தென்பட்டது. கழுத்து வீங்காத தாய்க்கும் இக்குறை இருக்கலாம். பிறக்கும் குழந்தையின் அறிவு மங்கலாம். உணவுக்கென அயோடினில்லா உப்பு விற்பதற்கு 1998-இல் தடை வந்தது, 2000-இல் விலக்கப்பட்டது, 2006-இல் மீண்டும் வந்தது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். 70 ஆண்டு வாழ்வுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், 4 கிராம்கூட வராது! இவ்வளவு சிறிய தேவைதான் நம் மாநிலத்தில் இன்னும் நிறைவேறவில்லை. 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் வீடுகள் நாடெங்கும் 100-க்கு 76. தமிழகத்தில் 62 மட்டுமே, மாநிலங்களில் கடைசி. தூத்துக்குடி, வேதாரண்யம், வாலிநோக்கம் என்று நாட்டுக்கே உப்பு விளைவிக்கும் மாநிலம் இது! அளம் பக்கத்தில் இருப்பதால் சாக்கில் கட்டிய உப்பு அப்படியே நம் தெருவுக்கு வந்துவிடுகிறது.

சோதிப்பது எளிது. உப்பைக் கரைத்து, நீர்த்த அமிலத்துடன் சிறிது பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சுக் கரைசலும் சேர்த்தால், அயோடேட் கலந்த உப்பானால் நீலம் தோன்றும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையுடன் செய்யலாம். எங்கள் வீட்டுக் கல்லுப்பைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பார்த்தேன். நீலம் தோன்றவில்லை. அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் ஜாடியில் பொட்டலத்து உப்பு இருந்தது. பழையது முற்றத்துக்குப் போய்விட்டது, மிளகாய் வற்றல் போடும் மோரில் கரைய.