கொல்லையில் ஒரு குழி

தஞ்சைத் தரணியிலே ஒரு சொல்வழக்கு உண்டு. மலங்கழிக்கச் செல்வதைக் "கொல்லைக்குப் போவது" என்பர். நயமான சொல், நாகரிகமான சொல் என்று மகிழ்வோரும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லில் பாதிக் கதைதான் இருக்கிறது. கொல்லைக்குப் போனவர் திரும்பி வந்து கைகால் கழுவிக் கூடத்தில் அமர்ந்துவிட்டார். கொல்லையில் விட்டு வந்ததை எடுத்துச் சென்றது யார்? சொல்லில் அவருக்கு இடமில்லை, ஏட்டிலும் இடமில்லை. அந்த விடுபட்ட பாதியைத் தேடிப் படிப்பதுதான் வரலாறு.

மனையிலே எதைக் கட்டலாம், எதைத் தோண்டலாம் என்பதற்கு அனுமதி கேட்பது ஆங்கிலேயன் கொண்டுவந்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று! நாகைப் புத்த விகாரத்துக்கு ஊர் அளித்த ஆனைமங்கலச் செப்பேட்டையும், அந்தணர்க்குப் பிரமதேயம் அளித்த சோழர் காலச் செப்பேடுகளையும் எடுத்துப் பாருங்கள். ஊரைப் பெற்றவர் சுட்ட ஓடு வேய்ந்து மாளிகை எழுப்பலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், வாய்க்கால் வெட்டலாம் என்று வரிசையாக அனுமதிகள் வரும். அதே வரிசையில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது, பிறர் அந்நீரைத் தடுத்துப் பாய்ச்சக்கூடாது என்ற தடைகளும் வரும். ஒருவருக்கு மாடமாளிகைக்கு உரிமை. மற்றவருக்கு மரமேறவும் தடை! கொங்கு நாட்டுக் கம்மாளர்க்குச் சோழ மன்னன் அளித்த சலுகையைக் கருவூர்க் கல்வெட்டு கூறுகிறது. காலில் செருப்பணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பன அவற்றுள் சில. தம் உழைப்பால் கோபுரம் எழுப்பிய குலத்தார் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது என்றால், அனுமதி என்பது அந்நாளில் கட்டடத்தை அளந்து தந்ததா, சாதியை அளந்து தந்ததா?

1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியே குறிக்கின்றன. வானளாவிய விமானத்தைக் கண்டு நாம் வியக்கிறோம், வியக்கத்தக்கதுதான். ஆனால் அதன் அடியில் வெட்டிய எழுத்திலே தீண்டாச்சேரி என்ற சொல் ஆயிரம் ஆண்டுகளாக நிற்பதையும் காணும் கண் வேண்டும்.

அழுக்கைச் சுமப்பது யார் கடமை என்பதை முன்பே எழுதிவைத்தவை ஸ்மிருதிகள். வாயிலையும் கழிப்பிடத்தையும் தெருவையும் கூட்டுவதும், மலத்தை அகற்றுவதும் அடிமைகளின் இழிதொழில் என்று நாரத ஸ்மிருதி பிரித்து வைத்தது. மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு வகுத்தது. வேலைக்கு ஆள் தேடியது உலகெங்கும் நடந்தது. வேலைக்கென்று ஒரு பிறப்பையே ஒதுக்கி வைத்த கெட்டிக்காரத்தனம் இங்கே நடந்தது.

மேனாடு அந்நாளில் தூய்மையின் இருப்பிடமாக விளங்கியதா என்றால் அதுவுமில்லை. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து, சில நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, தெருக்குழாய் நீரே காரணம் என்று காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டு மலக்குழி கசிந்து அருகிலிருந்த கிணற்றில் கலந்தது தெரிந்தது. தெய்வக் குற்றம் என்று அவர்கள் திருவிழா எடுக்கவில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். அவ்விரவுகளில் லண்டன் மலக்குழிகளை வாரியவர்களும் ஏழைகளே. ஆனால் வாரியவரின் மகனும் பேரனும் அதையே வார வேண்டும் என்று எந்த வேதமும் அங்கே விதிக்கவில்லை.

தஞ்சையிலும் கும்பகோணத்திலும் 1866-இல் நகராட்சி வந்தது. விளக்கு வந்தது, சாலை வந்தது. எடுப்புக் கக்கூசுக்கு மட்டும் விடிவு வரவில்லை. வீட்டின் பின்புறச் சந்து வழியே, முன்வாசல் மிதிக்காமல், வாளியும் தகரமும் ஏந்தி வந்து அள்ளிச் செல்ல ஆட்களை வைத்தார்கள். அவர்களிலே பெரும்பாலோர் பெண்கள். தீண்டாச்சேரிக்கு நகராட்சிச் சம்பளப் பட்டியலில் ஒரு புதுப்பெயர் கிடைத்தது, அவ்வளவே.

இந்நிலையை மாற்றும் கருவியாக வந்ததுதான் நிலத்தடிக் கழிவுநீர்த் தொட்டி, மக்கள் வாயில் செப்டிக் டேங்க். பிரான்சு நாட்டு வெசூல் நகரில் 1860-ஐ ஒட்டி லூயி மூரா அமைத்த தொட்டி இதற்கு முன்னோடி. 1881-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்டு கேமரான் அதைச் செப்பனிட்டு இப்போதைய பெயரையும் சூட்டினார். வேலை எளியது. கனத்தது அடியில் படியும். இலேசானது மேலே ஆடையாக மிதக்கும். இடைப்பட்ட நீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்குச் செல்லும். காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிதைக்கும். ஆனால் முழுவதையும் சிதைத்துவிடா. 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்தே தீரவேண்டும். அந்த இடத்தில்தான் பழைய கேள்வி மீண்டும் தலைகாட்டுகிறது: எடுப்பது யார்?

1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வீடு கட்டுவோர் தொட்டிக்கு வழி செய்ய வேண்டும், வரைபடத்தில் காட்ட வேண்டும். 2024 சூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து உடனே அனுமதி பெறலாம். அலுவலகப் படிக்கட்டில் ஏழை தேய்ந்து போவதைத் தடுக்கும் ஏற்பாடு என்ற வகையில் வரவேற்கத்தக்கதே. ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பும் சுயத்தினுடையதாகிறது. தாளிலே தொட்டி, தரையிலே அடியில்லாக் குழி என்றால், ஏமாறுவது அலுவலகமா, அண்டை வீட்டுக் கிணறா?

காவிரிப் படுகையில் இது வீண் அச்சமன்று. வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் குடமுருட்டியும் பின்னிக் கிடக்கும் களிமண் நிலம் இது. மழை நாளில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். உறை இறக்கி அடி பூசாமல் விட்ட குழியில் கழிவு மேலே ஏறும், கிணற்று நீர் கீழே கெடும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமலும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிறுவனத்தின் நெறி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 அடிக்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். 18 மீட்டர் என்பதோ 59 அடி! அம்மனையில் ஆழ்துளைக் கிணறும் உறிஞ்சுகுழியும் சேர்ந்திருக்க இடமே இல்லை. களிமண்ணும் மேல்மட்ட நீரும் உள்ள இடத்தில் உறிஞ்சுகுழியை விடுத்து, தரைக்கு மேல் வடிகட்டி அமைக்க அந்நெறியே வழி சொல்கிறது. அதைப் படித்தவர் எத்தனை பேர்?

படிக்கப்படுவது வேறு ஏடு. கிணறு ஈசானி மூலையில், தொட்டி வாயு மூலையில் என்று வாஸ்து நிபுணர் விரல் நீட்டுகிறார். கொத்தனார் அங்கே கடப்பாரை போடுகிறார். பக்கத்து மனையின் ஈசானி மூலை நம் வாயு மூலையை ஒட்டி வந்தால், சாத்திரம் இரு வீட்டிலும் நிறைவேறும்; நோயும் இரு வீட்டிலும் குடியேறும்! பிரான்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த தொட்டிக்கு, அதற்குப் பல நூற்றாண்டு முன்னெழுந்த சிற்ப நூல் எப்படி மூலை ஒதுக்கியிருக்கும் என்று கேட்பாரில்லை. மண் எது, நீர்மட்டம் எது, கிணறு எங்கே, லாரியின் குழாய் எட்டுமா? கேட்க வேண்டியவை இந்த நான்கே.

கும்பகோணம் யானைக்கால் நோய்க்குப் பெயர்போன ஊராக இருந்தது. முன்வினை என்றனர் சிலர். ஊர்த் தண்ணீரின் குணம் என்றனர் சிலர். 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். அந்நோயை நம் நாட்டில் பரப்பும் கொசு, சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் முட்டையிடுவது. தொட்டியின் காற்றுக்குழாய்க்கு ஒரு முழம் வலை கட்டாதவர், வினை தீரப் பரிகாரம் தேடி அலைந்ததைக் கண்டோம்!

எல்லாவற்றினும் கொடியது குழிக்குள் நிகழும் சாவு. கசடு அழுகும்போது எழும் நச்சுவாயு, இறங்கிய ஒருவரை நொடியில் சாய்க்கிறது. தூக்கச் சென்ற அடுத்தவரையும் சாய்க்கிறது. உலர் கழிப்பிடங்களை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. அப்படியும் 1993-க்குப் பிந்திய சாவுக் கணக்கிலே, பாராளுமன்றத்தில் தரப்பட்ட பட்டியல்களில், இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களோடு தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது. பெரியார் பிறந்த நாடு, சமத்துவம் பேசிய நாடு, இந்த முதலிடத்தைக் கண்டு தலைகுனிய வேண்டாமா?

மலக்கசடை லாரியில் உறிஞ்சி, உரிமம் பெற்றவரே எடுத்துச் சென்று, சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டவேண்டும் என்று 2014-இல் தமிழ்நாடு அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இருந்தும் ஆள் இறங்குவது ஏன்? மூடியின் மேல் சிமெண்ட் பூசித் தளம் போட்டுவிடுவதால். லாரி வர வழிவிடாது சுவர் எழுப்புவதால். பத்து ஆண்டு எடுக்காமல் விட்டுக் கசடு கல்லாக இறுகுவதால். எல்லாவற்றுக்கும் மேலாக, "இதற்கென்று ஆள் இருக்கிறான்" என்ற ஆயிரமாண்டு நம்பிக்கையால். அந்த ஆள் எந்தச் சேரியிலிருந்து வருவான் என்பதைக் கேட்காமலே அறிந்துவைத்திருக்கிறார்கள். செப்பேட்டில் இருந்த தடை இன்று ஏட்டில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது.

ஆகவே இளைஞர்களே, உங்கள் தெருவில் புதுவீடு எழும்பும்போது வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். தொட்டிக்கு அடி பூசப்பட்டதா? கிணறு எத்தனை அடி தள்ளி? மூடி திறக்கும்படி உள்ளதா? குழாய் எட்டுமா? மூன்று ஆண்டு கழித்துக் கசடு எடுத்த நாளைக் கேளுங்கள். எடுத்த வண்டியைக் கேளுங்கள். அது எங்கே கொட்டியது, வாய்க்காலிலா, நிலையத்திலா என்றும் கேளுங்கள். கிராம சபையில் இதைப் பேச வெட்கப்படாதீர்கள். பேச வெட்கப்பட்டவர்களின் வசதிக்காகத்தான் சிலர் பேச்சின்றிச் செத்தார்கள்.

சோழன் காலத்து அனுமதி, யார் மாளிகை கட்டலாம் என்று கேட்டது. மக்களாட்சிக் காலத்து அனுமதி, எத்தனை அடி என்று கேட்கிறது. இனி அது மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்தக் குழியில் எந்த மனிதனும் இறங்க வேண்டாதபடி கட்டியிருக்கிறாயா? ஆம் என்று சொல்ல முடியாத வரைபடம் எதுவாயினும், அதன்மேல் முத்திரை விழலாகாது.