வீட்டு கார் பார்க்கிங்கில் இன்டர்லாக் கல் போடப் போறீங்களா? கல்லுக்குக் கீழே நடக்க வேண்டிய வேலை இதுதான்!

புதிதாகப் போட்ட இன்டர்லாக் கல் தரை, ஒரு மழைக்காலம் முடிந்ததும் கார் டயர் நிற்கும் இடத்தில் மட்டும் பள்ளமாகிக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கல் உடைந்திருக்காது, கலரும் போயிருக்காது. ஆனால் இரண்டு சக்கரத் தடமும் வாய்க்கால் மாதிரி இறங்கி, அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். "கல்லு நல்ல கல்லுதான் சார், மண்ணு இறங்கிடுச்சு" என்பார் வேலை செய்தவர். அவர் சொல்வது உண்மைதான். அந்த மண் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான்!

கல்லைத் தேர்வு செய்வதில் காட்டும் அக்கறையில் பாதியை, கல்லுக்குக் கீழே நடக்கும் வேலையில் காட்டினால் போதும். தரை பல வருடம் அசையாது. என்னென்ன கவனிக்க வேண்டும்? முழு விவரம் இதோ.

இன்டர்லாக் கல் எப்படி வேலை செய்கிறது?

பேவர் பிளாக் என்றும் இதைச் சொல்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தில் தெருக்களுக்குப் போட்டு வந்த சுட்ட செங்கல்லுக்குப் பதிலாக, கான்கிரீட்டில் வார்த்த கற்கள் வந்தன. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

வளைந்த வடிவத்தால்தான் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. கற்களுக்கு நடுவே உள்ள 2 முதல் 4 மி.மீ. இடுக்கில் இறங்கும் நைஸான மணல்தான் அசல் பிடிமானம். ஒரு கல் மேல் டயர் ஏறும்போது, அந்த மணல் வழியாகப் பக்கத்துக் கற்களும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மணல் போய்விட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்தனி கல்தான்.

எந்தக் கல் வாங்குவது?

இதற்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 15658. 2006-ல் வெளியான அந்த ஆவணம், வாகனமே வராத இடத்துக்கு 50 மி.மீ. தடிமனும் எம்-30 தரமும், இலகுவான போக்குவரத்துக்கு 60 மி.மீ. தடிமனும் எம்-35 தரமும் பரிந்துரைத்தது. அதாவது வீட்டுக் கார் பார்க்கிங்குக்கு 60 மி.மீ. கல். நடைபாதைக்கான 50 மி.மீ. கல்லை "கார் தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். லோடு இறங்கும்போதே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் அளப்பார்கள். அதனால் எந்தத் தேதியில் வார்த்தது, எத்தனை நாள் தண்ணீர் காட்டியது என்று கேளுங்கள். இரண்டு கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். ஓரத்தை ஆணியால் கீறும்போது பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த லோடு வேண்டாம்.

தோண்டும் முன் இந்த 4 விஷயம் முக்கியம்

1. சம்ப், செப்டிக் டேங்க்: நம்ம ஊரில் இரண்டில் ஒன்றாவது பெரும்பாலும் கார் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் இருக்கும். சின்ன கார் சுமார் ஒரு டன். பெரிய எஸ்யூவி என்றால் இரண்டு டன்னைத் தொடும். மேல் ஸ்லாப் அந்தச் சுமைக்குப் போட்டதா என்பதைக் கட்டிய இன்ஜினியரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் சக்கரம் ஏறாதபடி காரை நிறுத்துங்கள். மூடியைக் கல்லுக்கு அடியில் மறைத்துவிடக் கூடாது. பிறகு சுத்தம் செய்யத் தரையையே பெயர்க்க வேண்டி வரும்.

2. கேட் உயரம்: கல் போட்டு முடித்ததும் தரை எந்த மட்டத்துக்கு வரும் என்பதை முதலிலேயே சுவரில் கோடு போட்டுக் குறியுங்கள். கேட் தரையில் இடிக்கக் கூடாது. வீட்டு வாசற்படியை விடத் தரை தாழ்ந்தே இருக்க வேண்டும்.

3. வாட்டம்: 10 அடி நீளத்துக்கு 2 அங்குலமாவது சரிவு வேண்டும். 20 அடி பார்க்கிங் என்றால் வீட்டுப் பக்கத்துக்கும் கேட் பக்கத்துக்கும் 4 அங்குல வித்தியாசம். இந்த வாட்டத்தை மேலே போடும் மணலில் கொண்டு வரக் கூடாது. தோண்டும் அடிமட்டத்திலேயே கொண்டு வர வேண்டும்.

4. மழைநீர்த் தொட்டி: தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட தொட்டியைப் பல வீடுகளில் தரை வேலையின்போது மூடிவிடுகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். "இந்தக் கல் போட்டால் தண்ணீர் தானா பூமிக்குள் போயிடும்" என்பதும் முழு உண்மை இல்லை. சாதாரண இன்டர்லாக் கல்லில் பெருமழைத் தண்ணீரில் பெரும்பகுதி மேலேயே ஓடிவிடும். சரிவின் முடிவில் கம்பி வலை போட்ட வாய்க்கால் வைத்து, மழைத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்புங்கள். கார் கழுவும் ஆயில் தண்ணீர் மட்டும் அதில் கலக்கக் கூடாது.

படிப்படியாக வேலை நடப்பது எப்படி?

முதல் படி, தோண்டுதல். கல் 60 மி.மீ., மணல் 30 மி.மீ., அடித்தளம் 100 மி.மீ. எனச் சேர்த்தால் சுமார் 8 அங்குல ஆழம் வரும். களிமண், கரிசல் மண் உள்ள இடத்தில் அடித்தளத்தை 150 மி.மீ. ஆக்குங்கள், ஆழம் 10 அங்குலத்தை நெருங்கும். இந்த மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் என்பதால்தான் இந்தக் கூடுதல்.

இரண்டாவது, அடிமண்ணை இறுக்குதல். லேசாகத் தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டர் மெஷினால் இறுக்க வேண்டும். சுவர் மூலைகளில் மெஷின் போகாத இடத்தில் திமுசுக் கட்டை. பைப் லைனுக்காகத் தோண்டி மூடிய இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். முதலில் இறங்குவது அங்கேதான்.

மூன்றாவது, அடித்தளம். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. இடித்த செங்கல், பூச்சுத் துண்டு, மரத்தூள் எனக் கட்டட மிச்சத்தைக் கொட்டி மூடிவிடுவார்கள். ஒரே அளவு ஜல்லியை மட்டும் கொட்டுவதும் தப்பு. ஜல்லி இடுக்கு வழியாக மேல் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கல் பள்ளமாகும். பெரிது, சிறிது, தூள் எல்லாம் கலந்த வெட் மிக்ஸ் ஜல்லிதான் சரி. அதையும் மொத்தமாகக் கொட்டாமல், 3 முதல் 4 அங்குல அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும்.

நான்காவது, ஓரக்கட்டு. இரண்டு பக்கமும் மதில் இருந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். கேட் பக்கம்தான் திறந்து கிடக்கும். கார் தினமும் ஏறி இறங்குவதும் அந்த வழியாகத்தான். அங்கே கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல் கட்டாயம். ஓரம் நகர்ந்தால் இடுக்கு விரியும், மணல் போகும், பிறகு மொத்தத் தரையும் ஆடும்.

ஐந்தாவது, மணல் படுக்கை. கரகரப்பான எம்-சாண்ட் 30 மி.மீ. கனத்தில், மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். இழுத்த மணல் மேல் யாரும் நடக்கக் கூடாது. பள்ளத்தை நிரப்ப இந்த மணலை ஒரு இடத்தில் அதிகமாகப் போட்டால், அந்த இடம்தான் பிறகு இறங்கும்.

ஆறாவது, கல் பதித்தல். நூல் கட்டி, நேரான ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். செவ்வகக் கல் என்றால் மீன்முள் மாதிரி மாறி மாறி அடுக்கும் முறை வாகனத்துக்கு நல்லது. பிரேக் போடும்போதும் ஸ்டியரிங் திருப்பும்போதும் கல் வரிசையாக நகராது. மூன்று நான்கு கட்டிலிருந்து கற்களைக் கலந்து எடுத்தால் கலர் திட்டுத்திட்டாகத் தெரியாது.

ஏழாவது, இறுக்கி மணல் நிரப்புதல். மெஷினுக்கு அடியில் ரப்பர் ஷீட் மாட்டி, இரண்டு முறை ஓட்ட வேண்டும். பிறகு காய்ந்த நைஸ் மணலைத் தூவிப் பெருக்கி மறுபடி ஓட்ட வேண்டும். இடுக்கு நிரம்பும் வரை இதைத் திரும்பச் செய்யணும். முடிந்த அன்றே காரை ஏற்றலாம். கான்கிரீட் மாதிரி நாள் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு கேள்வி அடிக்கடி வரும்: இடுக்கில் சிமெண்ட் பூசலாமா? வேண்டாம். கொஞ்சம் வளைந்துகொடுத்துச் சுமை தாங்கும் தரை இது. சிமெண்ட் பூசினால் அந்த இடம் விரிசல் விடும், பிறகு ஒரு கல்லைக்கூட உடைக்காமல் எடுக்க முடியாது.

200 சதுர அடிக்கு எவ்வளவு பொருள்?

10 அடிக்கு 20 அடி பார்க்கிங் என்று வைத்துக்கொள்வோம். 200-க்கு 100 மி.மீ. அளவுள்ள கல் ஒரு சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். வெட்டுச் சேதாரத்தையும் சேர்த்தால் சுமார் 980 கல். 4 அங்குல அடித்தளத்துக்கு, இறுக்கிய கணக்கில் 67 கன அடி. இறுக்கும்போது கனம் குறையும் என்பதால் 85 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இறக்க வேண்டும். படுக்கை மணல் சுமார் 25 கன அடி.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், வாசலில் இறங்கும் லோடைப் பார்த்தே அடித்தளம் ஒழுங்காக வருகிறதா என்று சொல்லிவிடலாம்.

ரேட் பேசும்போது கேட்க வேண்டியவை

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்லும் ரேட்டில் பெரிய வித்தியாசம் இருந்தால், விட்டுப்போனது பெரும்பாலும் கீழ்வேலையாகத்தான் இருக்கும். தோண்டுவது, மண் அள்ளுவது, ஜல்லி, காம்பாக்டர் வாடகை, ஓரக்கல், வெட்டுக்கூலி எல்லாம் அதில் அடக்கமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கல் மேலே வந்த பிறகு கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது.

ஏற்கெனவே சிமெண்ட் தரை இருந்தால்?

அதன் மேலேயே மணல், கல் போட்டால் தரை மூன்றரை அங்குலம் உயரும். கேட்டும் வாசற்படியும் அதற்கு இடம் கொடுக்குமா என்று பாருங்கள். மணலுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற, சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பழைய தரையில் துளைகளும் போட வேண்டும்.

ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் டைல்ஸையும் கடைகளில் இன்டர்லாக் என்றே விற்கிறார்கள். அது வேறு பொருள். சமமான, விரிசல் இல்லாத சிமெண்ட் தரைக்கு மேலே மட்டும்தான் அதைப் போடலாம். வெயிலில் விரியும் என்பதால் சுவர் ஓரத்தில் இடைவெளி விட வேண்டும். மண் தரைக்கு அது ஆகாது.

பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன் வேலையை முடித்துவிடுவது நல்லது. சேறான மண்ணை எந்த மெஷினாலும் இறுக்க முடியாது. புதுக் கல்லில் வெள்ளை பூத்தால் பயப்படாதீர்கள்; சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு வெளியே வருவதுதான், கழுவக் கழுவப் போகும். எறும்பு மணலை வெளியே தள்ளும், மழை கொஞ்சம் அரிக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை மழைக்காலம் முடிந்ததும் காய்ந்த மணலைத் தூவி இடுக்குகளில் பெருக்கி விடுங்கள். கல் மேல் ஆயில் சிந்தினால் உடனே மரத்தூள் போட்டு உறிஞ்ச விடுங்கள்.

எங்காவது ஒரு இடம் இறங்கினால், அங்கே மேலே மணல் கொட்டிச் சமாளிக்காதீர்கள். அந்தக் கற்களை எடுத்துவிட்டு, கீழே உள்ள ஜல்லியை நிரப்பி இறுக்கி, அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். கல் மறுபடி வாங்கும் செலவு கிடையாது. இந்தத் தரையின் பெரிய வசதியே அதுதான்.