ஆட்டோவின் முன்சக்கரம்: ஒரு தேய்மானத்தின் வரலாறு

ஆட்டோ ரிக்‌ஷாவின் முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு முதலில் ஸ்கூட்டருக்காகப் பிறந்தது. வளைவில் திரும்பும்போது ஸ்கூட்டர் உள்பக்கமாகச் சாய்கிறது. அப்படிச் சாய்வதால், சக்கரத்தின் மேல் வரும் விசை பெரும்பாலும் ஃபோர்க்கின் நீளவாக்கிலேயே இறங்கிவிடுகிறது. மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை. அதன் முன்சக்கரம் நிமிர்ந்தபடியே திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஃபோர்க்கும் அதன் புஷ்ஷும் பேரிங்கும் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வேண்டியிருக்கிறது. மூன்று சக்கர வண்டிகளின் முன்பகுதி எங்கே தேய்கிறது, அதை எப்படிப் பராமரித்தார்கள் என்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு இரண்டு பின்சக்கரங்களைச் சேர்க்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இருந்தது. ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ நிறுவனம் 1931இல் மஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சனின் சர்வி-கார் 1932இல் தொடங்கி 1973 வரை தயாரிப்பில் இருந்தது; ஊர்க் காவல்துறையினர் அதை நெடுங்காலம் பயன்படுத்தினர். பக்கவண்டி இணைத்த மோட்டார் சைக்கிள்களுக்கும் இதே பக்கவாட்டுத் தள்ளல் சிக்கல் இருந்தது. எர்னஸ்ட் ஏர்ல்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்த ஃபோர்க்கை பிஎம்டபிள்யூ 1955 முதல் 1969 வரை தன் பெரிய வண்டிகளில் பொருத்தியதற்கு, அது பக்கவாட்டில் வளையாமல் நின்றது ஒரு முக்கியக் காரணம். அதன் கீல் ஆணிக்கு இரண்டு துளைகள் உண்டு: தனி வண்டிக்கு ஒன்று, பக்கவண்டி சேர்த்தால் மற்றொன்று. பக்கவண்டித் துளைக்கு மாற்றினால் ஹேண்டிலைத் திருப்பத் தேவையான பலம் குறையும்.

ஆட்டோவின் நேரடி மூதாதை இத்தாலியின் பொன்டெடேராவில் பிறந்தது. பியாஜியோ நிறுவனத்தின் விமானப் பொறியாளர் கொராடினோ டாஸ்கானியோ 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். விமானத்தின் தரையிறங்கும் சக்கரத்தைப் போல, முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் அமைப்பை அவர் தேர்ந்தெடுத்தார். பஞ்சரானால் நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை அப்படியே பக்கவாட்டில் உருவிவிடலாம். ஆட்டோக்காரர் சாலையோரத்தில் சில நிமிடங்களில் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு கிளம்ப முடிவது அந்த ஏற்பாட்டினால்தான். 1948இல் அதே முன்பாதியோடு, 200 கிலோ சுமக்கும் ஆப்பே என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. போரில் சிதைந்திருந்த இத்தாலியில் சிறு வணிகர்களுக்கு மலிவான சுமை வண்டியாக அது பயன்பட்டது.

இந்த அமைப்பில் ஃபோர்க்கின் அடியில் ஒரு குட்டைக் கை இருக்கும். அதன் ஒரு முனை ஃபோர்க்கில் கீல் போலப் பூட்டியிருக்கும். பின்னோக்கி நீண்ட மறுமுனையில் சக்கரத்தின் ஆக்சில் இருக்கும். குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போது கை மேலும் கீழும் அசையும். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தொடக்க கால வெஸ்பாக்களில் ஸ்பிரிங் மட்டுமே இருந்தது. அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்கும் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் 1950களின் தொடக்கத்தில்தான் சேர்ந்தது. பிரேக்கின் விசை அந்தக் கையின் வழியாகவே போவதால், பிரேக் மிதித்ததும் முன்பக்கம் அமிழ்ந்துவிடும். அமிழும் ஒவ்வொரு முறையும் கீல் ஆணிக்கும் ஸ்பிரிங்குக்கும் சுமை கூடும். பிரேக் தட்டைத் தனிக் கம்பியால் பிடித்து அந்த அமிழ்வைக் குறைக்கும் ஆன்டி-டைவ் ஏற்பாடு பின்னாளில் வந்தது.

இந்தியாவுக்கு இந்த வண்டிகள் முதலில் இறக்குமதியாகவே வந்தன. பஜாஜ் குழுமம் 1948 முதல் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளை வரவழைத்து விற்றது. 1959இல் அரசின் உற்பத்தி உரிமம் கிடைத்ததும் பியாஜியோவின் தொழில்நுட்ப உரிமத்தோடு இந்தியாவிலேயே தயாரிப்பு தொடங்கியது. அன்றைய ஆட்டோக்களில் இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. 1977இல் இன்ஜினைப் பின்னால் வைத்த மாடல் வந்தது. எடை பின்சக்கரங்களின் பக்கம் நகர்ந்ததால் முன்சக்கரத்தின் சுமை சற்றே குறைந்தது. பழைய டெல்லியிலோ போர்க்கால ஹார்லி மோட்டார் சைக்கிள்களின் பின்பாதியை வெட்டி, பயணிகள் இருக்கை பொருத்திய ‘பட்பட்டி’கள் ஓடின. நீதிமன்ற உத்தரவால் அவை 1998இல் நின்றுபோகும் வரை, இருசக்கர வண்டிக்கென்று செய்த ஃபோர்க் ஆட்களைச் சுமந்து திரிந்தது.

இந்தியச் சாலையில் ஆட்டோவின் முன்பகுதிக்கு எதிரிகள் மூன்று. முதலாவது குழி. எட்டங்குல ரிம் கொண்ட சிறு சக்கரம், பெரிய சக்கரம் தாண்டிப் போகும் குழிக்குள்ளும் முழுசாக இறங்கிவிடும். இரண்டாவது, ஏற்கெனவே சொன்ன பக்கவாட்டு விசை. மூன்றாவது தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் சென்னைத் தெருக்களில் ஆட்டோ ஆக்சில் மூழ்க ஓடும்போது கீல் ஆணிக்குள் நீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். கிரீஸ் போன இடத்தில் துரு ஏறும். கீல் ஆணியைச் சுற்றியுள்ள ஊசி பேரிங்கின் மெல்லிய உருளைகள் சுழலாமல் ஆணியின் மேல் ஒரே இடத்தில் அழுந்திக் கோடு கோடாகப் பள்ளம் விழச் செய்யும். அந்த நிலையில் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆணியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஹேண்டில் தண்டைத் தாங்கும் கோன் செட்டின் தேய்மானம் வேறு வகை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், குழியின் அடியெல்லாம் பேரிங் குண்டுகள் வழியாகக் கிண்ணத்தின் அதே புள்ளிகளில் விழுகிறது. நாளடைவில் அங்கே சிறு பள்ளங்கள் விழுந்து, ஹேண்டில் நேர்நிலையில் ‘டக்’கென்று பிடித்து நிற்கும். நட்டை இறுக்கினால் ஆட்டம் நின்றதுபோல் தோன்றும்; ஆனால் பள்ளம் அப்படியே இருக்கும், ஹேண்டிலும் கனத்துப்போகும். கிண்ணம், கோன், குண்டுகள் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுவதே பட்டறைகள் கண்ட தீர்வு.

சோதிக்கும் முறை இந்த வண்டிகளின் வயதளவு பழையது. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்த வேண்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் வரும் ஆட்டம் கோன் செட்டினுடையது. ஃபோர்க்கை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறுகையால் சக்கரத்தை இடமும் வலமும் அசைக்கும்போது ஆடினால், சக்கரப் பேரிங்கோ கீல் ஆணியின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. வண்டியை இறக்கி முன்பக்கத்தை அழுத்திவிட்டால் ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதன் தண்டில் எண்ணெய்க் கசிவும் தெரியும். டயர் ஆங்காங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருப்பதும் இதே கோளாறைக் காட்டும்.

பக்கவாட்டு விசையை அடியோடு தவிர்க்கும் வழியை 2006இல் பியாஜியோவே காட்டியது. முன்னால் இரண்டு சக்கரங்கள் கொண்ட அதன் எம்பி3 ஸ்கூட்டர், இணைகர வடிவக் கைகளின் உதவியால் இரு சக்கர வண்டியைப் போலவே வளைவில் சாய்கிறது. ஆனால் அந்தச் சாய்வுக்காக முன்பகுதியில் மூட்டுகள் பல மடங்கு கூடிவிட்டன; ஒவ்வொரு மூட்டிலும் தேயக்கூடிய ஒரு பேரிங்கோ புஷ்ஷோ உண்டு. விலையும் பராமரிப்பும் கூடுவதால் வாடகைக்கு ஓடும் வண்டிகள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆட்டோவில் இன்னும் ஒற்றை முன்சக்கரமே இருக்கிறது. நேரத்துக்குக் கிரீஸ் அடிப்பதும், புஷ்ஷையும் ஆணியையும் ஒன்றாக மாற்றுவதும்தான் அதன் பராமரிப்பின் அடிப்படையாக நீடிக்கின்றன.